எண் பொருத்தம்

அடுப்புக்குள் வேகிறது இன்ஜின் கூடு. நூறு டிகிரி.
ஃப்ரீசரில், பட்டாணிப் பொட்டலத்துக்கு அடியில்,
நேற்றிரவிலிருந்து விறைத்துக் கிடக்கின்றன இரண்டு பேரிங்குகள்.
சூட்டில் இது விரியும், குளிரில் அது சுருங்கும்.
அந்த அரை நிமிடத்துக்குள்
ஒன்றை ஒன்றுக்குள் இறக்கிவிட வேண்டும்.
தட்டக் கூடாது. கெஞ்சலாம்.

துல்லியோ கதவருகே நின்று கேட்கிறான்:
"ராத்திரிக்கு என்ன சாப்பாடு?"
"பட்டாணி" என்கிறேன்.

திரியெஸ்தேயில் எங்களுக்கு நான்காவது மாடி. லிஃப்ட் இல்லை.
துறைமுகத்தில் பகலெல்லாம்
விரல் நுனியால் நாற்பது டன் தூக்குகிறவள் நான்.
அறுபத்தொன்றாம் வருட லாம்பிரெட்டாவை
முதுகில் வைத்து, துண்டு துண்டாக
எண்பத்தெட்டுப் படி ஏற்றினேன்.
குளியல் தொட்டியில் எலுமிச்சை உப்புக் கரைசல்;
அதில் மூன்று நாள் ஊறியது பெட்ரோல் டேங்க்.
மூன்று நாளும் துல்லியோ அவன் அக்கா வீட்டில் குளித்தான்.

சுரண்டச் சுரண்டப் பச்சை. பச்சைக்குக் கீழே சிவப்பு.
சிவப்புக்குக் கீழே, கடைசியில்,
மழைக்கு முந்தைய கடலின் சாம்பல்.
அதே சாம்பலைக் கலக்கிப் பால்கனியில் அடித்த அன்றுதான்
போரா காற்று மலையிலிருந்து இறங்கியது.
பாதி வண்டிக்கு.
மீதி, எதிர்வீட்டு ஓந்தினா அம்மாள் காயப்போட்ட
படுக்கை விரிப்புகளுக்கு.

எல்லாம் சரியாகிவிடும், எண் ஒன்றைத் தவிர.
சட்டகத்தில் ஒரு எண், இன்ஜினில் வேறொன்று.
பழைய பதிவுத்தாள் சொல்கிறது:
கூடப் பிறந்த இன்ஜின் இதுவல்ல.
பத்துப் பொருத்தமா கேட்டேன்? ஒன்றே ஒன்று.

ஊதினேயில் உதிரிபாகம் விற்கிறவன்
தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்தான்.
"இந்த எண்ணா? இது தண்ணீர் இறைக்கிறது" என்றான்.

நாற்பத்திரண்டாம் எண் பஸ்.
கார்ஸ்ட் மேட்டில் மழை நிற்காது;
சுண்ணாம்புப் பாறை குடித்துவிட்டு வாய் துடைத்துக்கொள்ளும்.
மில்காவின் தொட்டியோரம், தகரக் கூரைக்குக் கீழே,
மரச்சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கி,
சக்கரமில்லாமல், ஸீட்டில்லாமல்,
இருபத்தாறு கோடையாக
நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது அது.

அவள் கந்தலால் துடைத்துக் காட்டினாள்.
ஐந்து, மூன்று, பூஜ்யம், ஒன்பது.
தாளில் இருந்தபடியே.

"என்ன விலை?" என்றேன்.
மில்கா என்னைப் பார்க்கவில்லை.
குழாயின் மறுமுனையில்
ராதிக்கியோ பாத்திகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்துக்கொண்டிருந்தன.
"ஓடுகிறதே" என்றாள்.

விலை பேசத்தான் வந்தேன். கவரில் பணம் இருந்தது.
ஆனால் காது தன் வேலையைத் தொடங்கிவிட்டது:
ஒவ்வொரு ஏழாவது அடிக்கும் ஒரு விக்கல்.
காற்று அதிகம், பெட்ரோல் கம்மி.
பையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.
அரைச் சுற்று. இல்லை, கொஞ்சம் கூடிவிட்டது.
கால் சுற்று பின்னால்.

விக்கல் நின்றது.
மில்கா நிமிர்ந்தாள்.
தண்ணீர் இன்னும் ஒரு பாத்தி தள்ளிப் போய் விழுந்தது.

கவர் பிரிக்காமலேயே திரும்பிற்று.
மடியில் ஒரு கூடை ராதிக்கியோ; கசப்பான கீரை.
துல்லியோ பட்டாணியோடு அதையும் சாப்பிட்டான்.

மே மாதம், அந்நிய இன்ஜினோடு
எண்பத்தெட்டுப் படி இறங்கியது வண்டி,
மறுபடி துண்டு துண்டாக.
முற்றத்தில் பூட்டினேன். பதினோராவது உதையில் பிடித்தது.
ஓந்தினா அம்மாள் ஜன்னலை அறைந்து சாத்தினாள்.
பழைய வண்டிக் கிளப்பில் இருந்தவர்
பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.
"பொருந்தவில்லை. பட்டயம் தர முடியாது."
தெரியும் என்றேன்.

ஸீட்டுக்கு அடியில் ஒரு புது ஸ்பார்க் பிளக்,
மில்காவின் பம்புக்கு என்று வாங்கியது.
மேட்டுச் சாலையின் மூன்றாவது வளைவில்
என் வண்டி இருமிற்று, நின்றது.
கல்லில் உட்கார்ந்து,
சூடு ஆறும்வரை கொஞ்சம் திட்டி,
அவளுக்குக் கொண்டுபோனதை எனக்கே மாட்டிக்கொண்டு
வெறுங்கையோடு போய்ச் சேர்ந்தேன்.

தூரத்திலிருந்தே கேட்டது.
விக்கல் இல்லை.