டயர் ரசீதின் பின்புறம்

வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
கடைக்குள் புது ரப்பர் வாசனை,
மூன்றாம் முறை கொதித்த காப்பி,
வில்லோ ஃபோர்க் பேட்ஜர்ஸ் அணியின் எதிர்காலம்.
வீரர்களை மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் ஜனவரி பத்து.
இன்று எட்டு.

ஓரெஸ்ட் சொன்னான்: நமக்குத் தேவை தடுப்பாட்டக்காரன்.
இடது கை. ஆறடி மூன்று. சுவரில் மோதினால்
சுவர்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.
அவன் கோல் போடுவானா, என்றான் ஐவர்.
உன் மச்சினன் போட்டானா?
அத்தோடு பேச்சு தொண்ணூற்று நான்குக்குப் போய்
பத்து நிமிடம் கழித்துத்தான் திரும்பியது.

நான் மேசையில் கிடந்த ரசீதைக் கவிழ்த்தேன்.
முன்பக்கம்: நீல வேன், குளிர்கால டயர் நான்கு, பொருத்துகூலி.
பின்பக்கம் எழுதினேன்:
கொடுப்பது, லாலிபெர்ட்டே, வயது பதினேழு,
கூடவே இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்று.
வாங்குவது, கால்டர் லேக்கின் அந்த மலை.

பையன் வேகம்ப்பா, என்றான் ஐவர்.
வேகம் சரி. மூலையில் பக் கிடந்தால்
எடுக்கப் போக மாட்டேனென்கிறானே.
அடுத்த வருடம் போவான்.
அடுத்த வருடத்தை யார் கண்டது.
இன்னும் இரண்டு அங்குலம் வளர்வான்,
அவன் அப்பாவைப் பார்த்திருக்கிறேன், பாதம் படகு மாதிரி.
மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரல் பேசுமே, அப்படிப் பேசினோம்.
பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் குறை.
பார்க்கவும் முடியாது.
முன்பல் இரண்டும் நவம்பரிலேயே போய்விட்டன.

நெட்டி வேனுக்காகக் காத்திருந்தாள்.
அரை மணி நேரமாக எங்களுக்கு முதுகைக் காட்டி
ஆண்டிஃப்ரீஸ் டப்பாக்களின் விலையைப் படித்துக்கொண்டிருந்தாள்.
எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை:
பையன் தூங்குவது அவள் வீட்டுக் கீழ்த்தளத்தில்.
அவன் அம்மா வடக்கே அறுநூறு கிலோமீட்டரில்.
செப்டம்பரிலிருந்து அவனுக்கு முட்டை பொரிப்பவள் இவள்.
காலையில் ஆறு.

திரும்பிச் சொன்னாள்:
திங்கட்கிழமை அவனுக்கு வேதியியல் பரீட்சை.
பணத்தை எண்ணி வைத்தாள்,
சாவியை எடுத்துக்கொண்டு போனாள்.

கொஞ்ச நேரம் ஹீட்டர் மட்டும் பேசியது.
பிறகு ஓரெஸ்ட் தொண்டையைச் செருமி,
முதல் சுற்றுத் தேர்வையே கொடுத்துவிட்டு
பையனை வைத்துக்கொண்டால் என்ன, என்றான்.
கோப்பை வேண்டுமா வேண்டாமா, என்றேன் நான்.

பத்தாம் தேதி, பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் முன்பு
ரேடியோ சொன்னது.
நான் எழுதியது எழுதியபடி.
தேர்வு மட்டும் மூன்றாம் சுற்று.
எனக்குள் சின்னதாய் ஒரு மிதப்பு,
ஒப்புக்கொள்கிறேன்.
அன்று மாலை பஸ் நிலையத்தில்
நீல வேன் வெகுநேரம் நின்றதாம்,
இன்ஜினை அணைக்காமல்.

மலை வந்தது. பிப்ரவரி முழுக்கத் தோள்வலி என்றது.
மார்ச் இரண்டில் கால்டர் லேக் இங்கே ஆட வந்தது.
பச்சைச் சட்டையில் பத்தொன்பதாம் எண்.
மூன்றாம் பகுதியில் பக் மூலைக்குள் போனது.
போனான்.
மலையின் முழங்கைக்கடியில் புகுந்து எடுத்து
வலைக்குப் பின்னால் சுற்றி வந்து
எங்கள் கோலியின் கால்களுக்கிடையே விட்டான்.
ஆயிரத்து நூறு பேரின் மௌனத்தில் ஒரே ஒரு கைதட்டல்,
கையுறையைக் கழற்றாமல், மொத்மொத்தென்று.
யாரென்று திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் கடையில் ஐவர் சொன்னான்:
அவனை விடாதீர்களென்று அப்போதே தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன்.
நானும்தான், என்றான் ஓரெஸ்ட்.
அன்றைக்கு அங்கே இல்லவே இல்லாத தபால்காரனும் தலையாட்டினான்.
எழுதி வைத்தவன் நான் ஒருவன்தான்.

கல்லாவில் சில்லறைத் தட்டுக்கு அடியில் கிடக்கிறது.
டயருக்கு ஐந்து வருட உத்தரவாதம்,
ரசீது இல்லாமல் செல்லாது.
நெட்டி இதுவரை கேட்கவில்லை.
கேட்டால் வேறொன்று எழுதித் தர வேண்டும்,
தேதி மாறாமல்.