எதிர்ல

ஹாசினா என்றதும்
காரைக்கால் பெண் என்று நினைத்தேன்.
பாஸ்போர்ட்டை வாங்கிக் கண்ணாடியில் கவிழ்க்கும்போதுதான் தெரிந்தது,
மடகாஸ்கர்.
முழுப்பெயரை ஒருமுறை சொல்லிக்காட்டினாள்.
வால் மட்டும் பிடிபட்டது எனக்கு: வேலு.
முருகன் துணை என்று சிரித்தேன்.
அவளும் சிரித்தாள், எதற்கென்று தெரியாமல்.

பதிவு செய்ய வீட்டுக்காரர் கையெழுத்து வேண்டும்.
ஞானசெல்வம் கையெழுத்துப் போட அட்வான்ஸ் வேண்டும்.
அட்வான்ஸ் வந்துசேர வங்கிக்கணக்கு.
கணக்குத் திறக்கப் பதிவுச்சீட்டு.
முன்னும் பின்னும் அடிக்கச் சொல்லி
ஒரே வாரத்தில் நாலு செட்.
படிவத்தில் பெயருக்கு இருபத்தைந்து கட்டம்;
வேலு வெளியே நின்றான்.

ஐப்பசி மழையில் காலாப்பட்டே இருண்டு கிடந்த சாயங்காலம்
நனைந்த பையோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.
எங்கள் ஊரிலும் கரண்ட் இப்படித்தான் போகும் என்றாள்,
தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்தவள்போல.
ஜெனரேட்டர் போட்ட பக்கத்துக் கடைமேல்
அன்றைக்கு எனக்குப் பொறாமை இல்லை.

பிறகு வரத்து குறைந்தது.
ஸ்டாண்டு உடைந்த சைக்கிளில் மாவு பாக்கெட் ஆட
கைகாட்டிவிட்டுப் போய்விடுவாள்.
நகல் எடுக்க ஒன்றுமில்லை என்றால்
ஊர்க்காரி ஆகிவிட்டாள் என்று கணக்கு.

நேற்று போனில் கூரியர்காரனோடு மல்லுக்கு நின்றாள்.
தமிழ் அரைகுறை, கோபம் முழுசு.
"கனகா ஜெராக்ஸ் எதிர்ல. மாடி. அண்ணா, எதிர்ல!"

பதினோரு வருஷத்தில்
என் கடை இன்னொருத்தி முகவரிக்குள் போனது
இதுதான் முதல் தடவை.
மணி ஒன்பதாகியும் ஷட்டரை இறக்கவில்லை.
போர்டு லைட்டையும் போட்டுவைத்தேன்,
அவன் படிக்கட்டும் என்று.