உள்ளே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்

சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி
ஓசூர் ரோட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடம்.
ஜனவரி இருபத்தொன்பது, சாயங்காலம்.
தேதி பார்த்துத்தான் வந்தேன்.
மாதக்கடைசியில் அவர்களுக்கு டார்கெட் இடிக்கும்,
எனக்கு வாடகை.

சுஹாஸுக்கு இருபத்து நாலு வயதிருக்கலாம்.
அவன் கட்டியிருந்த டை அவனைவிட மூத்தது.
"சார் வண்டிய பார்க் பண்றாரா மேடம்?"
சார் என்று யாரும் இல்லை.
"ஓ. காபியா, டீயா?"

தாளில் வரிவரியாக எழுதினான்.
வண்டி, ஐந்து லட்சத்து அறுபத்து நாலாயிரம்.
சாலை வரி, அது விதானசௌதாவின் பங்கு, பேசிப் பயனில்லை.
(ஓசூரில் மாமா வீட்டு விலாசத்தில் பதிந்தால்
மிச்சம் என்றார்கள்.
எனக்கு மாமா இல்லை.)
இன்சூரன்ஸ் முப்பத்தோராயிரம், வெளியே இருபத்திரண்டு.
மிதியடி, சேறுதடுப்பு, வாசனைப் புட்டி
மூன்றுக்கும் சேர்த்துப் பத்தாயிரத்துக்குப் பத்து ரூபாய் குறைவு.
ஹேண்ட்லிங் சார்ஜ் ஆறாயிரத்து ஐநூறு.
"எதை ஹேண்டில் பண்றீங்க?"
"வண்டியைத்தான் மேடம்."
"அதை நான்தானே பண்ணப் போறேன்?"
சிரித்தான். ஆறாயிரத்து ஐநூறு அப்படியே இருந்தது.

அடிவரியில், டெலிவரி செரிமனி, எழுநூற்றைம்பது.
ரிப்பன், பூ, அட்டையில் செய்த ஆளுயரச் சாவி,
நான்கு எலுமிச்சம்பழம்.

மைசூரு ரோட்டுக்காரர்கள் தந்த தாளை
பிரித்து மேசைமேல் வைத்தேன்.
"அது போன வருஷத்து ஸ்டாக் மேடம்."
"சேசிஸ் நம்பர் பார்த்துட்டேன்.
உங்க வண்டியும் நவம்பர்தான்."

அப்போதுதான் எழுந்தான்.
"உள்ளே போய் மேனேஜரைக் கேட்டுட்டு வரேன்."

அந்த வாக்கியம் என்னுடையது.

பன்னேர்கட்டா ரோடு மருத்துவமனை,
பில் கவுன்ட்டர் மூன்று, பதினோரு வருடம்.
ஆபரேஷன் முடிந்தவனின் மனைவி
வெறும் மஞ்சள் கயிறோடு எதிரே நிற்கையில்
"உள்ளே போய்க் கேட்டுட்டு வரேன்மா" என்பேன்.
உள்ளே ஒரு பீரோ, ஒரு தண்ணீர் கேன்,
டிபன் பாக்ஸோடு பெனிட்டா.
நூறு வரை எண்ணுவேன்.
காலையிலேயே என் கையில் கொடுத்துவிட்ட
ஐந்து சதவீதத்தை
யாரிடமோ பிடுங்கி வந்தவள்போல
கொஞ்சம் மூச்சிரைத்து வெளியே கொண்டுவருவேன்.
கும்பிடுவார்கள்.
வேண்டாம் என்று ஒருநாளும் நான் சொன்னதில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால்
சுஹாஸ் ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்து நிற்கிறான்.
நாற்காலியில் ஆளில்லை.
செல்போனைப் பார்க்கிறான், டையை இழுத்துவிடுகிறான்.
நானும் இங்கிருந்து எண்ணினேன்.
எண்பத்தேழிலேயே வந்துவிட்டான்.
இன்னும் பழகவில்லை.

"ரொம்பக் கஷ்டப்பட்டு வாங்கிருக்கேன் மேடம்..."
முழுக்கக் கேட்டேன்.
ஹேண்ட்லிங் போயிற்று. மிதியடி சும்மா.
இன்சூரன்ஸ் வெளியே எடுத்துக்கொள்ளலாம்.
அந்தக் காலி நாற்காலியில்
இன்னும் ஏழாயிரம் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும்.
கேட்டேன். ஐந்து தந்தான்.
மிச்ச இரண்டை அவனுக்கென்று விட்டேனா,
அலுத்துப்போய் விட்டேனா,
இப்போதும் சொல்லத் தெரியவில்லை.
கும்பிடவில்லை.

பேனாவை வாங்கி
செரிமனி வரியை நானே அடித்தேன்.
"எலுமிச்சம்பழம் நான் கொண்டுவரேன்."

டெலிவரி அன்று காலை, மடிவாளா மார்க்கெட்.
நாலு பழம் இருபது ரூபாய்.
"பதினைஞ்சுக்குக் குடும்மா."
அவள் எழுந்திருக்கவில்லை.
விரித்த சாக்கு, தராசு, பின்னால் சுவர்.
போய்க் கேட்டுவர
உள்ளே என்று அவளுக்கு ஒன்றும் இல்லை.
"இருபதுன்னா இருபதுதான்."

கொடுத்தேன்.