ரப்பர் பூட்ஸ்

பொகோட்டாவில், ஆறாம் மாடியில்,
என் மேசைக்கு வந்த போர் வண்ணம் பூசிய போர்.
சிவப்பு அவர்களுடையது. பச்சை நம்முடையது.
மஞ்சள் என்பது யாரும் போய்ப் பார்க்காத இடம்.
டிசம்பர்தோறும் கர்னல் உர்தாநேத்தா
பச்சையின் மேல் குச்சியை வைத்துச் சொல்வார்:
"இது திருப்புமுனை."
பதினான்கு திருப்புமுனைகளைத் தட்டச்சு செய்திருக்கிறேன்.
அத்தனை முறை திரும்பிய சாலை
புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கும்.
நின்றது.

தெற்கே, படகில் ஒன்பது மணி நேரம் போனால்
புவெர்த்தோ லூசெரோ என்றொரு துறை.
அங்கே எலியேசர் தோவாரின் கடை:
உப்பு, மண்ணெண்ணெய், தூண்டில் நரம்பு,
கூரையிலிருந்து ஜோடி ஜோடியாகத் தொங்கும்
கறுப்பு ரப்பர் பூட்ஸ்.
அந்தச் சேற்றில் எல்லோர் காலும் அதற்குள்தான்.
மாடு மேய்ப்பவன், பள்ளி ஆசிரியை, பாதிரியார்,
துப்பாக்கி வைத்திருப்பவன், அவனைத் தேடி வருகிறவன்.
தடத்தைப் பார்த்துக் கட்சி சொல்ல முடியாது.

எலியேசரின் கணக்குப் புத்தகம்
ஏதோ ஒரு சோதனையில் பறிமுதலாகி
யாருக்கும் வேண்டாத பெட்டிக்குள் என்னிடம் வந்தது.
ஓரம் ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது.
மதிய உணவு நேரங்களில் படித்தேன்.
நாற்பத்தொன்று, நாற்பது, நாற்பத்திரண்டு
என்று போய்க்கொண்டிருந்த அளவுகள்
ஒரு மார்ச் மாதம் முப்பத்தேழு.
ஜூனில் முப்பத்தாறு, இருபது ஜோடி.
செப்டம்பரில் முப்பத்து நான்கு, இருபத்தாறு ஜோடி.
ரொக்கம். பெயர் இல்லை.
அந்த ஊர்ப் பள்ளியில் அப்போது
மொத்தமே பதினேழு பிள்ளைகள்.

அன்றிரவு வீட்டுக்கு வந்ததும்
கதவருகே கவிழ்ந்து கிடந்த யெய்சனின் காலணியைப்
புரட்டிப் பார்த்தேன்.
முப்பத்தைந்து.
என் மகனுக்கு அப்போது பதினொரு வயது.

ஒரே பக்கத்தில் அறிக்கை எழுதினேன்:
இன்னும் இரண்டு ஆண்டில் நம்மோடு மோதப்போகும் படைக்கு
இப்போதுதான் கடைசிப் பால்பல் ஆடிக்கொண்டிருக்கிறது.
கர்னல் இரண்டு முறை படித்தார்.
கெட்டவர் இல்லை.
"இதற்கு வரைபடத்தில் என்ன நிறம் பூசுவது?"
உண்மையாகவே கேட்டார்.
என்னிடமும் நிறம் இல்லை.

நடந்தது.
என் பணிக்கோப்பில் யாரோ 'சரியான கணிப்பு' என்று எழுதி
அடிக்கோடும் போட்டார்கள்.
அந்தக் கோடு இன்னும் என்னைக் கீறுகிறது.
எண்ணெய்க் குழாயைத் தகர்ப்பார்கள் என்றேன், தகர்க்கவில்லை.
பாலம் என்றேன், அதன் மேல் இன்றும் பேருந்து போகிறது.
கடையில் வாங்கிய பொம்மை விமானம் ஒன்று
கால்பந்துத் திடலின் மேல் வந்து நின்று
கையெறி குண்டைக் கீழே நழுவவிடும் என்பதை
கனவில்கூட நான் காணவில்லை.
அந்த ஆட்டத்தில் ஸ்கோர் இரண்டுக்கு ஒன்று.
அதை மட்டும் துல்லியமாகத் தெரிந்துவைத்திருக்கிறேன்.

பிறகு கையெழுத்து, வெள்ளைச் சட்டைகள், தொலைக்காட்சி.
ஓய்வு பெற்ற மாதம் படகேறிப் போனேன்.
எலியேசர் என்னை யாரென்று கேட்டார். சொன்னேன்.
கோபப்படுவார் என்று நினைத்தேன்.
"புத்தகம் எங்கே?" என்றார்.
"ஊர்க்கடன் எல்லாம் அதில்தான் இருந்தது.
யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று தெரியாமல்
பதினோரு வருஷம் ஒருத்தர் முகத்தில் ஒருத்தர்
விழித்துக்கொண்டிருக்கிறோம்."

போர் யாருக்கு வெற்றி என்று என்னைக் கேட்பவர்களுக்கு
இதைத்தான் சொல்லத் தோன்றுகிறது.
சொல்வதில்லை.

காபி தந்தார். மழை பிடித்துக்கொண்டது.
பேசிக்கொண்டே என் கை தன்னிச்சையாக
தொங்கிய பூட்ஸைத் திருப்பி அடியைப் பார்த்தது.
நாற்பது. நாற்பத்தொன்று.
"சின்ன அளவு தீர்ந்துவிட்டது," என்றார்,
"செவ்வாய்க்கிழமைப் படகில் வரும்."

பள்ளியில் இப்போது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டேன்.
ஏன் என்று அவர் கேட்கவில்லை.