சின்னக் கம்பி

பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில்
ஒரு சின்னக் கம்பி.
வண்டியை விற்றவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
அதன் தலையில் இருந்த எழுத்துகளை
எனக்கு முன்னால் ஓட்டியவர்களின் உள்ளங்கைகள்
தின்று தீர்த்திருந்தன.

மொகோட்லோங் போகும் கணவாய்க்கு அடியில்
வண்டியை நிறுத்தினேன். முழுசாக.
உருளும்போது இழுத்தால்
பல்லோடு பல் கடித்து எட்டூருக்குக் கத்தும்.
இறங்கி, முன்சக்கரக் குமிழ் இரண்டையும்
விரல் விறைக்கத் திருகிப் பூட்டினேன்.
ஆகஸ்ட் மாதம். நேற்று விழுந்த பனி
இன்று கண்ணாடியாகிக் கிடந்தது சாலையில்.

பின்னால் நிஜக் கண்ணாடி, இருபத்திரண்டு.
பள்ளிக்கூட ஜன்னல்களுக்கு.
கம்பளிப் போர்வையில் சுற்றி நிற்கவைத்துக் கட்டியவர்
கண்ணாடி வெட்டுகிற செகோபே.
படுக்கவைத்தால் உடையுமாம்.
என் பக்கத்தில் உட்கார்ந்து
ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் ஐயோவை விழுங்கினார்.

சின்னக் கம்பியை இழுத்தேன்.
வண்டிக்குள் வேறொரு வண்டி விழித்தது.
கூச்சல் ஒரு மலை,
நகர்வு ஒரு சாண்.

ஆடு மேய்க்கும் மொஹாபி
ரப்பர் பூட்ஸும் போர்வையுமாகக் கூடவே நடந்தான்.
கொஞ்ச நேரத்தில் எங்களைத் தாண்டிப் போனான்.
வளைவில் பாறைமேல் உட்கார்ந்து
நாங்கள் வரும்வரை ரொட்டி தின்றான்.
"அவுசி, தள்ளட்டுமா?"
காலையிலிருந்து முதல் தடவையாகச் செகோபே சிரித்தார்.

சிரிக்கட்டும்.
மூன்று வருஷம் மசேருவில் மினிபஸ் ஓட்டியவள் நான்.
அங்கே முந்தினால்தான் சோறு.
முந்தி முந்தி
ஒரு தெருவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.
இங்கே ஒரு புல்லைப் பார்த்தேன்,
அது கடந்து போகும்வரை பார்த்தேன்.

ஏழாவது வளைவில் நின்றுபோனது.
இடது சக்கரம் பனிக்கட்டியில் சுற்றியது,
வலது ஒரு கல்லை முட்டியது,
ஓர் இருமல்.
அப்புறம் காற்று மட்டும்.
செகோபேயின் கை கதவுப் பிடியில்.
"அசையாதீர்கள், என்தாத்தே."

பிரேக்கை மிதித்தபடி ரிவர்ஸ் போட்டேன்.
கிளட்ச்சிலிருந்து காலை எடுத்தேன்.
பிறகு, மனசு ஒப்பாத காரியம் இதுதான்,
பிரேக்கிலிருந்தும் எடுத்தேன்.
வண்டி போகவில்லை.
செத்த இன்ஜின் மலையைப் பல்லால் பிடித்திருந்தது.

சாவியைத் திருப்பினேன்.
இரண்டு காலும் சும்மா கிடக்க
பின்னோக்கி நடந்தோம்,
வந்த தடத்திலேயே,
ஏறும்போது போட்ட கோட்டை
இறங்கி இறங்கி அழித்துக்கொண்டு.
பின்னால் இருபத்திரண்டும்
தொட்டும் தொடாமலும் முணுமுணுத்தன.

மொஹாபி போர்வை மடியில் சரளை அள்ளிவந்து
இடது தடத்தில் கொட்டினான்.
கூலி கேட்கவில்லை. பிறகு கேட்டான்:
உச்சிவரை உள்ளே உட்கார இடம்.
நடந்தால் முன்னாலேயே போய்விடுவாயே என்றேன்.
தெரியும் என்றான், ஏறிக்கொண்டான்.

இரண்டாம் தடவை
அந்தக் கல்லுக்கு இந்தப் பக்கமாக ஏறினோம்.

மூன்று மணிக்குப் பள்ளிக்கூட முற்றம்.
சமதளம். கூழாங்கல்கூட இல்லை.
போர்வைகளைப் பிரித்து எண்ணினார் செகோபே.
இருபத்திரண்டு. மறுபடி எண்ணினார்.
ஆசிரியை பொலெலோவும் அவரும்
ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்கினார்கள்.
பதினைந்தாவது
வகுப்பறை நிலையில் லேசாக இடித்தது.
யாரும் பதறவில்லை.
ஆனாலும் சிதறியது.

எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.
ஓர் ஜன்னலுக்கு அட்டை வைத்துக்கொள்கிறோம்,
கரும்பலகைப் பக்கம் வெயில் அடிக்காமல் இருக்கும்
என்றாள் பொலெலோ.

திரும்பும்போது
கணவாயின் உச்சியில் மறுபடி நிறுத்தினேன்.
மறுபடி அதே கம்பி.
"பின்னால்தான் ஒன்றுமில்லையே,
இப்போதாவது வேகமாகப் போகலாமே" என்றார் செகோபே.
"முன்னால் நாம் இருக்கிறோமே" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்றாவது வளைவுக்குள்
போர்வையை இழுத்து மூடி
உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.