பேஸைக் கொஞ்சம் குறைக்கணும்

தக்கலையில், பேட்டரிக் கடைக்கு மேல்மாடி.
சுவருக்கு முட்டை அட்டை போதாதென்று
கல்யாண மண்டபம் கழித்துப்போட்ட கம்பளத்தையும்
ஆணியடித்து வைத்திருக்கிறேன்.
மழைக்காலத்தில் அதில் பிரியாணி மணக்கும்.
மணிக்கு நானூறு.
பெனிற்றாவுக்கு முந்நூறு,
ஒன்பது பாட்டு என்பதால்.

கிட்டார் அவளுடையது. சொல் அவளுடையது.
மெட்டைக் கேட்டால், "அது தானா வந்துது" என்பாள்,
களவுப் பொருளோடு பிடிபட்டவள்போல.
சத்தமாகப் பாடத் தெரியாதவள் இல்லை;
சத்தமாகப் பாடினால் பொய்யாகிவிடும் பாட்டுகள்.
கோயில் பெருநாளுக்கு ஊர் அதிர அடிக்கிற
குளச்சல் டார்வின்
ஸ்னேர்மேல் ஈரிழைத் துவர்த்தை விரித்துப்போட்டு
வாடகை பாக்கி உள்ளவன் வீட்டுக்காரர் கதவைத் தட்டுவதுபோல்
தட்டினான்.

பேஸ், சுபின்.
குலசேகரத்தில் ரப்பர் வெட்டு,
விடியுமுன் முந்நூறு மரம்.
மழை பெய்தால் வெட்டு இல்லை.
வெட்டு இல்லாத நாள்தான் வருவான்.
மழை பெய்தால் என் தகரக் கூரைக்குக் கீழே
ஒரு வரி எடுக்க முடியாது.
ஆகவே இந்த ஆல்பம் முழுவதும்
மழை விட்டபின், பட்டை காயுமுன்
கிடைத்த நேரத்தில் எடுத்தது.
ஜூனில் நாலு பாட்டு.
ஜூலையில் ஒன்றுமில்லை, நல்ல வெயில்.
சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தொடுவான்,
என்றாலும் கம்பியில் பால் நாற்றம் ஏறும்.

ஏழாம் பாட்டு, செவ்வாய்க்கிழமை.
குழித்துறைப் பாலத்தில் ஒருத்தி நிற்கிறாள்.
வருகிறேன் என்றவன் அந்த பஸ்ஸில் இல்லை,
அடுத்ததிலும் இல்லை.
அவ்வளவுதான் பாட்டு.
யாரென்று நான் கேட்கவில்லை.
டார்வின் துவர்த்தை இரண்டு தரம் மடித்து விரித்தான்.
சுபின் தாளைப் படித்தான்.
"சுருதி?"
"ஜி."
பிறகு, கம்பியை முறுக்கிக்கொண்டே, தரையைப் பார்த்து:
"செவ்வா இல்ல. திங்களாக்கும்."
"திங்கள் தாளத்துல நிக்காது."
"பஸ்ஸுல நான் இருந்தேன். எறங்கல்ல."

மைக் திறந்திருந்தது.
பதினொரு நொடி என் திரையில் ஒரு கோடு,
மேடில்லை, பள்ளமில்லை.
டார்வின் குச்சியால் நாலு எண்ணினான்.

முதல் இரண்டு டேக்கும் சரியாக வந்தன,
சரியாக மட்டும்.
மூன்றாவதில் தாளில் இல்லாத ஓர் அடி பாடினாள்:
ஜன்னலோரம் ஒரு தோள் கடந்து போனதாக.
சுபினின் விரல் ஒரு சுரத்தைத் தவறவிட்டது.
அடுத்ததில் வந்து ஏறிக்கொண்டது.
கிழமையை மட்டும் அவள் மாற்றவில்லை.

ராத்திரி போன்:
"அண்ணே, ஏழாவதுல பேஸக் கொஞ்சம் கொறக்கணும்."
விடியற்காலை, தோட்டத்திலிருந்து,
கொசுப் புகைக்கு இருமிக்கொண்டு அவன்:
"ஏழுல எனக்க பேஸக் கொறச்சிருங்கண்ணே."
இருவருக்கும் சரி என்றேன்.

குறைத்துத்தான் பார்த்தேன்.
பாலம் இருந்தது, அவள் இருந்தாள்,
அடியில் ஆறு இல்லை.
பழைய இடத்துக்கே ஏற்றினேன்.
அதற்கும் மேலே அரைப் புள்ளி.
"கொறச்சாச்சு" என்று இருவருக்கும் அனுப்பினேன்.
"இப்ப சரி" என்றாள்.
அவன் ஒரு கட்டைவிரல்.

இன்னும் ஆறாயிரத்து இருநூறு வரவேண்டும்.
நாளை பத்து மணிக்கு நகைக்கடை விளம்பரம்.
வேளிமலைப் பக்கம் இருட்டிக்கொண்டு வருகிறது,
வந்தால் எட்டாம் பாட்டு.
டார்வினை வேறு துவர்த்து கொண்டுவரச் சொல்லவேண்டும்.
போன தடவை விட்டுப்போனதை
ஒழுகுகிற மூலையில் விரித்துவிட்டேன்.