புள்ளிக் கணக்கு

பள்ளத்தூரில் அந்த வீடு
இந்தத் தெருவில் தொடங்கி
அடுத்த தெருவில் முடிகிறது.
பாகப்பிரிவினைக்கு அளக்கப் போனேன்.
மூத்தவர் வயிரவன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்:
'சர்வேயர் பின்னால வர்றாரா?'

நான்தான் என்றேன்.
பதினோரு வருஷமாக நான்தான்.

'பொம்பளையளுக்குத் திசையே தெரியாதும்பாக'
சிரித்தார் இளையவர் சோலையப்பன்.
கெட்ட மனிதரில்லை, காப்பி நீட்டியபடி சொன்னார்.
காப்பியில் சர்க்கரை அளவாக இருந்தது.

முக்காலியை விரித்தேன்.
வடக்கு தெரியும் எனக்கு.
எட்டாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு வாங்கியபோது
'யாரைப் பாத்து எழுதுன?' என்று கேட்ட
கணக்கு வாத்தியார் நின்ற திசையும் தெரியும்.
பக்கத்தில் இருந்தவன் எடுத்தது நாற்பத்தொன்று.

முகப்பு, வளவு, பட்டாலை.
தேக்குத் தூண் தேக்குத் தூணாகத் தாவியது
லேசரின் சிவப்புப் புள்ளி.
இரண்டாங்கட்டில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சிகப்பி ஆச்சி
தலை நிமிராமல் சொன்னார்:
'அந்தச் செவரு நடுவுல வயிறு தள்ளியிருக்கு.
ஒரு எடத்துல அளந்தா அரையடி பொய் சொல்லும்.'

மூன்று இடத்தில் அளந்தேன்.
ஐந்தேமுக்கால் அங்குலம்.

'எப்படிக் கண்டுபிடிச்சீங்க?'
'பாய் விரிச்சா மூலை ஒட்டாது.'
பிறகு, ஒரு தண்டைக் கிள்ளி எறிந்து,
'எனக்கென்ன தெரியும்.'

அந்த வாக்கியம் எனக்குப் பழக்கம்.
மருந்துச் சீட்டை முழுதும் படித்துவிட்டு
அம்மா சொல்வாள்.
நேற்று என் மகள் சொன்னாள்,
விடை சரியாக வந்த பிறகு.
யாரும் அடிக்கவில்லை.
அடித்திருந்தால் தழும்பைக் காட்டலாம்.
இது சிரித்துச் சிரித்துப் பூசியது,
சுண்ணாம்பில் முட்டை வெள்ளை மாதிரி.
எதிலிருந்து எதைச் சுரண்டி எடுக்க?

பங்குப் பட்டியலில் ஏழு பேர்.
சிங்கப்பூரில் இருந்துகொண்டு
பத்து வருஷமாக வராதவரும் ஒரு புள்ளி.
கணவர் போன பின் இங்கே வந்து,
ஒழுகலுக்குச் சட்டி வைத்து,
வீட்டு வரி ரசீதுகளை வருஷவாரியாக அடுக்கும்
ஆச்சி இல்லை.
'அவுக ஒண்ணும் கேக்க மாட்டாக.
இதெல்லாம் அவுகளுக்குப் புரியாது.'

அளக்க வந்தவள் பங்கு பேசக் கூடாது.
என் வேலை கோடு.
வரைபடத்தில் அந்த வளைந்த சுவரருகே
ஒரு புள்ளி வைத்தேன்.
கீழே, விவரம் சொன்னவர்:
சிகப்பி, இவ்வீட்டின் மகள்.

வயிரவன் கண்ணாடியைத் துடைத்துவிட்டு
மறுபடி படித்தார். 'இது எதுக்கு?'

கையெழுத்துக்கு அடுப்படிக்குப் போனேன்.
ஆச்சி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு
பேனாவை வாங்கினார். போடவில்லை.
'இரு. முழுசாப் படிச்சுக்கிறேன்.
மத்த தாளும் இருக்குல்ல, அதையும் குடு.'

பின்னால் கீரை அடிப்பிடிக்கும் வாசம்.
அவர் எழுந்திருக்கவில்லை.